பழைய அட்டையின் பதினோரு மாதம்

இன்று சிவகாசி பஸ்ஸில் இருந்தபோது வங்கியிலிருந்து அழைத்தார்கள். என் பயணக் கடன் அட்டையை உயர்ந்த வகைக்கு மாற்றினால் ஆண்டுக் கட்டணம் இரு மடங்காம். ஆனால் விமான நிலைய ஓய்வறையில் உடன் வருபவருக்கும் இலவசமாம்.

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கச்சி அடுத்த மாதம் முதன்முறையாக என்னோடு விமானம் ஏறுகிறாள். அவளுக்காகச் சரி சொல்லப் போனேன்.

பக்கத்து சீட்டில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சியே போனைப் பிடுங்கினாள். "பழைய கார்டுக்கு அண்ணன் போன மாசந்தான் வருசக் காசு கட்டுச்சு. மீதிப் பதினோரு மாசக் காசு அம்புட்டும் எங்க?"

"கேட்டால் கழித்துக்கொள்வோம், மேடம்."

"கேக்காட்டி?"

கேட்காதவர்கள் காசில்தான் இவர்கள் பிழைப்பு.

"எங்க கம்பெனி போனஸும் இப்படித்தாண்ணே, கேட்டாத்தான் வரும்" என்று சிரித்தாள். பஸ்ஸே சிரித்தது.

அந்தக் காசைப் புதுக் கட்டணத்தில் கழித்துவிட்டார்கள். ஓய்வறைச் சாப்பாட்டைப் பார்சல் தருவார்களா என்று இப்போதே நச்சரிக்கிறாள். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.