சட்டை போடாதவனைப் பிடிப்பது எப்படி

ஜூடோவில் முதல் வேலை எதிராளியின் சட்டையைப் பிடிப்பது. வலது கை காலரில், இடது கை அவன் சட்டைக் கையில். பிடி கிடைத்துவிட்டால் மற்றதை இடுப்பு பார்த்துக்கொள்ளும். மதுரையில் கல்லூரியில் படித்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். பிறகு சர்வேயர் வேலை, போடியில் வீடு, ஓய்வு. இப்போது எனக்கு அறுபத்தொன்பது. இன்றைக்கும் காலையில் மொட்டை மாடியில் மெத்தையை விரித்து இருபது தடவை விழுந்து எழுகிறேன். பின்பக்கமாகப் பத்து, பக்கவாட்டில் ஐந்தைந்து. கீழ்வீட்டில் குடியிருப்பவர்கள் புகார் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

இத்தனை வருடமாக நான் யோசிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் கைகலப்புக்கு வருகிற ஆள் பாதி நேரம் சட்டை போட்டிருக்க மாட்டான்.

குரங்கணிக்கு மேலே எனக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தோறும் போடியிலிருந்து பஸ்சில் குரங்கணிக்குப் போய், அங்கே ஜீப் பிடித்து மேலே போவேன். ஏறும் முன் ஜீப்பில் இருக்கிற ஆட்களை எண்ணுவேன். எதையும் எண்ணுவது என் பழக்கம். கல்யாண வீட்டில் பந்தியில் எத்தனை இலை என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். அந்த ஜீப்பில் பத்துப் பேர் ஏறலாம் என்பது என் கணக்கு. அந்தப் பாதையின் வளைவுகளைப் பார்த்த யாரும் அதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். வைகாசியில் ஒரு நாள் பதினேழு பேர் இருந்தார்கள்.

"பதினேழு பேரை வைத்துக்கொண்டு இந்த வண்டி போகக் கூடாது" என்று ஜீப்புக்கு முன்னால் நின்று சொன்னேன்.

மூட்டை ஏற்றுகிறவன் ஒருவன் இறங்கி வந்தான். முப்பது வயது இருக்கும். மடித்துக் கட்டிய லுங்கி, வெறும் மார்பு, தோளில் ஒரு துண்டு.

"பதினேழெல்லாம் இல்ல பெருசு, பொய் சொல்லாத. ஏறுனா ஏறு, இல்லாட்டி வெலகு. வெரசா போகணும்."

"நீயே எண்ணிப் பார்."

அவன் எண்ணவில்லை. உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்துத் தள்ளினான். இரண்டடி பின்னால் போனேன். மறுபடி தள்ளினான். மூன்றாவது தடவை கை வந்தபோது என் வலது கை தானாகக் காலரைத் தேடிப் போனது. அங்கே வியர்வைதான் இருந்தது. இடது கைக்கு மட்டும் ஏதோ துணி அகப்பட்டது. அது போதும் என்று உடம்பு முடிவு செய்துவிட்டது. திரும்பினேன், குனிந்தேன், தோளுக்கு மேலாக இழுத்து எறிந்தேன். துண்டு மட்டும் வந்தது. நான் போட்ட வேகத்தில் நானே உருண்டு விழுந்தேன். விழுந்ததில் குறை சொல்ல முடியாது. முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருந்தது, கை தரையை அறைந்தது, ஒரு சிராய்ப்புகூட இல்லை.

"ஏய், பெருசு துண்டைத் தூக்கி எறிஞ்சிருச்சு டோய்!" என்று ஜீப்பின் மேலிருந்து ஒருவன் கத்தினான். பதினேழு பேரும் சிரித்தார்கள். ஜீப் போய்விட்டது. துண்டு என் கையிலேயே இருந்தது.

நான் வீடு சேருவதற்கு முன்பே செய்தி சேர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து மகன் போன் செய்தான்.

"போதும்ப்பா. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்ருவோம். சிலமலையில ஒருத்தர் கேக்குறாரு. ஆவணியில காய் எடுப்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிச்சிருவோம்."

"நான் செத்துப் போகவில்லை. கீழேதான் விழுந்தேன்" என்றேன்.

மனைவி துண்டைப் பார்த்துவிட்டு, "அந்த ஆளு துண்டையாவது குடுத்துட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள்.

நான் தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்த ஜீப் ஸ்டாண்டில் நின்றாக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு ஏறிப் போகலாம்தான். எண்ணாமல் போகலாம்தான். அப்படிப் போவதைவிடத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம்.

மொட்டை மாடியில் சாக்பீஸால் வரைந்து பார்த்தேன். தொலைவில் நின்றால் அவனுக்கும் எட்டாது, எனக்கும் எட்டாது. நெஞ்சோடு நெஞ்சு வந்துவிட்டால் அது என் இடம். இரண்டுக்கும் நடுவே ஒரு வட்டம் இருக்கிறது. அங்கே அவன் தள்ளலாம், குத்தலாம், நான் ஒன்றும் செய்ய முடியாது. இத்தனை வருடமாக அந்த வட்டத்தைப் புறம்போக்கு மாதிரி அளக்காமலே விட்டிருந்தேன். அதைக் கடக்க ஒரு அடிமுறை வேண்டும். கடந்து முடிக்கிற இடத்தில் அது என்னை ஜூடோவிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒன்றைத் தேடி எடுப்பதென்று தீர்மானித்தேன். டீக்கடையில் இதைச் சொன்னதும் யோகாவுக்குப் போகச் சொன்னார்கள். எனக்கு யோகா சொல்லாத ஆள் போடியில் பாக்கி இல்லை.

முதலில் கராத்தே. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளி மைதானத்தில் நடக்கும். எல்லோரும் வெள்ளைச் சட்டை, இடுப்பில் பட்டை. எனக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மாஸ்டருக்கு நாற்பது வயது. தன்னோடு ஒரு சுற்று நிற்கச் சொன்னார். அவர் கையை நீட்டினார், நான் சட்டையைப் பிடித்தேன், அவர் மண்ணில் கிடந்தார்.

"ஐயா, நீங்க நம்ம ஆளு. அடுத்த வாரத்துலருந்து வந்துருங்க" என்றார் மண்ணைத் தட்டிக்கொண்டே.

எனக்கு அதில்தான் நம்பிக்கை போனது. சட்டை இருக்கிற இடத்தில் ஜெயிப்பதற்கு எனக்குப் புதிதாக ஒன்றும் தேவையில்லை. அது போக, அவர்கள் குத்து மேலே படுவதற்கு முன்னால் நின்றுவிடும். குரங்கணியில் எந்தக் கை அப்படி நிற்கிறது?

அடுத்தது குத்துச்சண்டை. சிலமலையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், குத்தகை கேட்டவர் இல்லை, வேறொருவர். ராணுவத்தில் குத்துச்சண்டை போட்டவர், இப்போது தக்காளி போடுகிறார். பம்பு செட்டுக்குப் பக்கத்து வேப்ப மரத்தில் மணல் மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்.

"எடது கால முன்னால வைங்கண்ணே."

"எனக்கு வலது கால்தான் முன்னால் வரும். ஜூடோவில் அப்படித்தான்."

"புது வீட்டுக்கா போறீங்க, வலது கால எடுத்து வைக்க?"

காலை மாற்றி வைத்தால் இடுப்பு மறந்துபோகிறது. மாற்றாவிட்டால் அவர் தலையில் அடித்துக்கொள்கிறார். கையுறையை மாட்டினாலோ பிடிப்பதற்கு விரலே இல்லை. ஒரு நாள் அவர் விளையாட்டாகத் தொட்டது என் நெற்றியில் பட்டு, வீட்டுக்கு வரும்வரை காது ரீங்காரம் போட்டது. எனக்கு ரத்த அழுத்த மாத்திரை வேறு இருக்கிறது.

"அண்ணே, தலையில வாங்காம இது வராது. ஒங்களுக்குத் தலையில வாங்குற வயசு இல்ல" என்றார். "மறைக்க மட்டும் கத்துக்கிட்டுப் போங்க. குத்துறத விட்ருங்க."

இரண்டு வாரம் மறைக்க மட்டும் கற்றேன். வருகிற கையை முன்கையால் விலக்குவது, முகவாயைத் தோளுக்குப் பின்னால் வைப்பது. அது வீண் போகவில்லை. ஆனால் மறைத்துக்கொண்டே நின்றால் நடு வட்டத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

மூன்றாவதாகப் போன இடம் ஒரு ஏலக்காய்க் கடைக்கு மேலே இருக்கிற உடற்பயிற்சிக் கூடம். அங்கே முவாய் தாய் என்கிற தாய்லாந்து அடிமுறையைச் சொல்லித் தருகிறார்கள். படிகள் பதினெட்டு, கைப்பிடி கிடையாது. கைப்பிடி போடச் சொல்லி மூன்று முறை சொல்லியாயிற்று, இன்னும் போடவில்லை. பயிற்சி கொடுப்பவர் ஒரு இளம்பெண். இடுக்கிப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், பேச்சில் மலையாளம் எட்டிப் பார்க்கும்.

"எந்தா சார், சேக்கணுமா? பேரனுக்கா?"

"எனக்கு."

அவர் சிரிக்கவில்லை. "முட்டி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். இடது முட்டியின் வரலாறு முழுவதையும் சொன்னேன். துண்டுக் கதையையும் சொன்னேன். அதற்குச் சிரித்தார்.

"சாரமில்ல சார், பரவால்ல. துண்டு போனாப் போகட்டும். கழுத்தை எவனும் கழட்டி வீட்ல வச்சிட்டு வர மாட்டான்."

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு உள்ளங்கை அவன் பின்தலையில், அதன் மேல் மறு கை, விரல்களைக் கோர்க்கக் கூடாது, முழங்கைகள் இரண்டும் அவன் நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும். முவாய் தாயில் இப்படிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலால் இடிப்பார்களாம். நான் கையால் இழுத்துப் பார்த்தேன். அவர் அசையவே இல்லை.

"கையால இழுக்காதீங்க. தூக்கம் வந்த மாதிரி அவன் மேல சாயுங்க."

சாய்ந்தேன். அவர் தலை கீழே வந்தது. வந்ததும் அவருடைய எடை எந்தக் காலில் நிற்கிறது என்று என் பாதத்துக்குத் தெரிந்துவிட்டது. சட்டையைப் பிடித்தால் வருமே, அதே தகவல். யோசிக்காமல் அந்தக் காலைத் தட்டினேன். அவர் பொத்தென்று உட்கார்ந்தார். கூடத்தில் இருந்த ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுகூடி, இன்னொரு தடவை காட்டுங்க சார்" என்றார், உட்கார்ந்தபடியே.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. உதைகளை நான் கற்கவில்லை. "காலைத் தூக்குனா நீங்களே விழுவீங்க, இது மதி, போதும்" என்றுவிட்டார். முழங்காலால் இடிப்பதும் வேண்டாம், என் முட்டிதான் முதலில் போகும். சிலமலையில் கற்ற மறைப்பு, ஒரு அரை அடி நுழைவு, இந்தக் கழுத்துப் பிடி. மூன்றையும் இரண்டு மாதம் செய்தேன், அதுவரை தோட்டத்துக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து மாடியில் தலையணையின் கழுத்தைப் பிடித்துப் பழகினேன். "அதுக்கு ஒறை மாட்டி ரெண்டு நாள்தான் ஆகுது" என்று மனைவி கீழிருந்து சொன்னாள்.

ஆவணி முதல் செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

"குத்தகைக்காரரு இன்னைக்குத்தான் வர்றாரு. வீட்ல இருங்க."

"காய் பழுத்திருக்கும். நான் போறேன்."

"மாத்திரையைப் போட்டுட்டுப் போங்க" என்றாள்.

ஸ்டாண்டில் ஒரு ஜீப் கிளம்பத் தயாராக இருந்தது. காய் எடுக்கப் போகிற பெண்கள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், பின்னால் ஆண்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தமாக எண்ணினேன்.

"பதினாறு. ஆறு பேர் இறங்கணும்."

"வந்துருச்சுய்யா!" என்று பக்கத்து மூட்டை அடுக்கிலிருந்து குதித்து இறங்கினான் அதே ஆள். இன்றும் சட்டை இல்லை. தோளில் புதுத் துண்டு. "பெருசு, என் பழைய துண்டு எங்க? இதையும் எறியணுமா?"

சிரித்தார்கள். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். அவன் கையை நீட்டினான். அந்தக் கையை முன்கையால் ஒதுக்கிவிட்டு அரை அடி உள்ளே போனேன். ஒரு கை பின்தலையில், மறு கை அதன் மேல், முழங்கைகள் நெஞ்சில். பிறகு சாய்ந்தேன். முப்பது வயதுக் கழுத்து முறுக்கிப் பார்த்தது. முறுக்க முறுக்க அவன் எடை வலது காலில் சேர்ந்தது. தட்டினால் விழுவான். கீழே முழுக்கக் கருங்கல் ஜல்லி. எனக்கு விழத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நான் தட்டவில்லை, விடவும் இல்லை. பிடியோடு அவனை வண்டியின் திறந்த பின்பக்கத்துக்கு நடத்திப் போனேன்.

"அன்னிக்கு நான் பொய் சொல்றேன்னு சொன்னேல்ல? இப்ப நீ எண்ணு" என்றேன்.

"விடு பெருசு... தலையத் தூக்க முடியல, காலுதான் தெரியுது."

"காலை எண்ணி ரெண்டால வகு."

ஜீப்பில் இருந்த ஒரு அம்மாள், "ஆத்தாடி, என் காலை எண்ணாதய்யா!" என்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. அவன் நிஜமாகவே எண்ணினான். ஒரு தடவை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினான்.

"முப்பத்திரெண்டு."

"வகுத்தா?"

"பதினாறு. விடுங்க பெரியவரே, கழுத்து நோவுது."

விட்டேன். டிரைவர் ஆறு பேரை அடுத்த ஜீப்புக்கு இறக்கினார். இறங்கியவர்களுக்கு என் மேல் கோபம். "ஒங்க கணக்கால எங்களுக்குத்தான் நேரமாச்சு" என்றார் சேலையை இழுத்துவிட்ட அம்மாள். "நானும் உங்களோடுதான் நிற்கிறேன்" என்றேன். "நின்னு என்ன செய்ய? கங்காணிகிட்ட நீங்க வந்து சொல்லுவீங்களா?" என்றார். சொல்கிறேன் என்றேன். மேலே போய்ச் சொல்லவும் செய்தேன். கங்காணி கேட்டுக்கொள்ளவில்லை. அதற்காக அந்த ஆறு பேரை நான் மறுபடி ஏற்றிவிட மாட்டேன்.

அடுத்த ஜீப் வரும்வரை அவன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் நின்றான்.

"இது என்ன பிடி பெரியவரே?"

"சட்டை போடாதவனுக்கு உள்ள பிடி."

தோளில் இருந்த புதுத் துண்டைத் தொட்டுப் பார்த்தான். "சரி, என் துண்டைக் குடுத்துருங்க."

"தர முடியாது. எங்க வீட்டுல அதுல சோத்துப் பானை இறக்குறாங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது முட்டி இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. மனைவி அடுப்படியில் அந்தத் துண்டால் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். குரங்கணிச் செய்தி இந்தத் தடவையும் எனக்கு முன்னால் வந்திருந்தது.

"குத்தகைக்காரரு வந்தாரு" என்றாள்.

"என்ன சொன்ன?"

"தோட்டக்காரரு தோட்டத்துக்குப் போயிருக்காரு, அடுத்த வாரமும் போவாரு, நீங்க வேற எடம் பாருங்கன்னு சொல்லிட்டேன்." பானையைத் தரையில் வைத்துவிட்டுத் துண்டை உதறி ஆணியில் மாட்டினாள். "ஒங்க மகன்ட்ட மட்டும் நீங்களே சொல்லிக்கங்க. சண்டை போடத்தான் தெரியுதே."