முறைத் தண்ணீரும் மோர்பினும்

சென்ற வாரம் வெல்லாவெளிக்குப் போகிற பஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீட்டுக்காரர் போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி திடீரென்று வாயைப் பிளந்தார். ஆ... என்று ஒரு சத்தம் வேறு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் கவனித்தேன் — திரையில் ஒரு டொக்டர்! மனிதர் தொண்டையைக் காட்டுகிறார்.

பின்சீட்டிலிருந்து ஒரு குரல். "வெளிச்சத்துக்குத் திருப்புங்க அண்ணன், டொக்டருக்கு விளங்கட்டும்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. முன்சீட்டுக் கனவான் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: "போனில பார்க்கிறதெல்லாம் ஒரு வைத்தியமா? கையப் பிடிச்சுப் பார்க்காம?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன்... அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. அவர் தப்பினார். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

பூமணி எனக்கு மச்சாள். மாமாவின் மகள். வெல்லாவெளிக்கு அங்கால் ஒரு சின்ன ஊரில், தாய் வழியாக வந்த வீட்டில், புருஷன், மகள், மருமகன் என்று எல்லோரையும் ஏசிக்கொண்டு வாழ்ந்தவள். சும்மா ஏச்சு இல்லை. நான் படலையைத் திறக்கும்போதே தொடங்கிவிடுவாள். "வாங்க மச்சான். பேப்பரில ஊரத் திருத்துறீங்களாம்... இந்தச் சேட்டுக் கொலரத் திருத்த ஏலாதா?" இந்தப் பத்தியை வாராவாரம் வாசித்துவிட்டுப் போன் எடுத்துக் குறை சொன்ன ஒரே வாசகியும் அவள்தான். நீங்கள் எல்லோரும் அவளிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும்.

கொரோனாவுக்குச் சற்று முன்னர் அவளுக்குப் புற்றுநோய். எலும்பு வரை போய்விட்டது. குணப்படுத்த இனி மருந்தில்லை, நோகாமல் வைத்திருக்க மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கென்றே ஒரு சின்னக் குழு இருந்தது. ஒரு டொக்டர், சில தாதிகள், ஒரு பழைய வான். வீடு வீடாகப் போய் நோயாளியின் கட்டிலடியில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். பூமணியிடம் வந்த தாதி ரிஸ்வானா மிஸ். காத்தான்குடிக்காரி. வரும்போதெல்லாம் ஏச்சு வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே போவார்.

அப்புறம் ஊர் பூட்டப்பட்டது.

உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் சுகாதார வான் ஒரு வளவுக்கு முன்னால் நின்றால் போதும். என்ன நோய், யாருக்கு என்று எவரும் கேட்கமாட்டார்கள். அயலட்டைக் கதவுகள் சாத்தப்படும். கடைக்காரர் சாமானைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு ஓடுவார். பூமணியின் புருஷன் தங்கராசா அண்ணன் ரிஸ்வானா மிஸ்ஸுக்குப் போன் எடுத்துக் கெஞ்சினார். "மிஸ், வானை மட்டும் அனுப்பிராதீங்க. சனம் எங்கள ஒதுக்கி வைச்சிரும்."

சரி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் வைத்தால்? பூமணியிடம் கேட்டோம். "செத்தாலும் என்ட ஊட்டிலதான் சாவன். ஆருமில்லாம அங்க கிடந்து, பொலித்தீனில சுத்தி எடுத்துட்டுப் போக ஒண்ணா." பேச்சு முடிந்தது.

இதற்கிடையில் ரிஸ்வானா மிஸ்ஸின் ஊரையே முடக்கிவிட்டார்கள். அவர் வெளியே வரவே முடியாது. வீட்டுக் குசினியில் சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்து, அதையே தன் வார்டாக்கிவிட்டார். வட்ஸ்அப்பில் மூன்று சதுரம். ஒன்றில் ரிஸ்வானா மிஸ், பின்னால் பிள்ளைகளின் சண்டை. ஒன்றில் பூமணி, போனைப் பிடிப்பது மகள் சுகந்தி. மூன்றாவதில் நான். இணைத்து வைத்தவன் என்ற முறையில் எனக்கும் ஓர் இடம். ஆனால் எப்போதும் என் நெற்றி மட்டும்தான் தெரியும் என்று பூமணி சொன்னாள். அதையாவது இழுத்து மூடுங்களேன் என்றும் சொன்னாள்.

மருந்து எப்படிப் போகும்? அங்கேதான் அந்தக் குழுவின் மூளை வேலை செய்தது. எந்தப் பாஸும் இல்லாமல் எந்த வளவுக்குள்ளும் போகக்கூடிய, எவரும் பயப்படாத ஒருவர் ஊரில் இருந்தார் — மிட்வைஃப் மிஸ். கர்ப்பிணிகளைப் பார்க்கப் போகிற அவருடைய ஸ்கூட்டியைக் கண்டு எந்தக் கதவும் சாத்தப்படவில்லை. டொக்டர் உரிய அனுமதியெல்லாம் எடுத்து, கையெழுத்து வாங்கி, நோவை அடக்குகிற மோர்பின் பாணி மருந்தை அவரிடம் ஒப்படைத்தார்.

விளைவு என்ன தெரியுமா? மிட்வைஃப் அடிக்கடி வருகிற வீடு என்றால் சனம் என்ன நினைக்கும்? சுகந்திக்கு வேலிக்கு மேலால் மாங்காய் வரத் தொடங்கியது. முருங்கைக்கீரை வந்தது. "எத்தின மாசம் கா?" என்று ஒருத்தி வேலி ஓட்டையால் விசாரித்தாளாம். அந்தப் பிள்ளை சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், மாங்காயை உப்புத் தூள் போட்டுச் சாப்பிட்டுவிட்டது.

எல்லாம் சரி. ஆனால் பூமணிக்கு நோ குறையவில்லை.

ரிஸ்வானா மிஸ் டொக்டரிடம் கேட்டு அளவைக் கூட்டினார். குறையவில்லை. இன்னும் கூட்டினார். திரையில் பூமணி பல்லைக் கடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள். என்னை ஏசவில்லை. யாரையும் ஏசவில்லை. ஒருநாள் நான் வேண்டுமென்றே கிழிந்த சேட்டோடு போன் முன்னால் இருந்தேன். பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. சாவதைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. இப்படி நொந்து நொந்து, வாய் பேசாமல் போய்விடுவாளோ என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பயம்.

"இவ்வளவு மருந்துக்கு இந்த நோ நிக்க ஒண்ணா சேர்," என்று ரிஸ்வானா மிஸ் எனக்குத் தனியாகச் சொன்னார். "எங்கயோ பிழைச்சிரிக்கி."

அடுத்த நாள் வட்ஸ்அப் கோலின் நடுவில் சுகந்தியின் பக்கம் படம் உறைந்து நின்றுவிட்டது. கவரேஜ் போய்விட்டது. அவள் போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். ஜன்னலடி... குசினி... சாமியறை. சாமியறையில் படம் திரும்ப வந்தது.

"நில்லுங்க தங்கச்சி!" ரிஸ்வானா மிஸ் கத்தினார். "ஆடாம நில்லுங்க. அந்தச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில நிக்கிறது என்ன?"

அம்மன் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில், கடும் பழுப்பு நிறத்தில் மருந்துப் போத்தல்கள். வரிசையாக. மூடியில் திருநீறு வேறு பூசியிருந்தது. எல்லாம் மோர்பின். ஒன்றுகூட வெறும் போத்தல் இல்லை.

சுகந்தி திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். தங்கராசா அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிறகு போனுக்குக் கிட்ட வந்தார்.

"மிஸ்... ரோட்ட எப்ப பூட்டுவானுகளோ தெரியா. மருந்து வராம நிண்டா இவள் என்ன செய்வாள்? அதான், விதைநெல் எடுத்து வைக்கிற மாதிரி, ஒவ்வொருக்காவும் பாதிய மட்டும் குடுத்துட்டு மிச்சத்த எடுத்து வைச்சன். கடைசியில நோவு கூடுமெண்டு எல்லாரும் சொல்றாங்க. அந்த நேரத்தில இவள் கஷ்டப்படக்கூடாது பாருங்க..."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கத்தியிருப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்... அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் என்ன செய்தோம்? அரிசியைப் பதுக்கினோம், பருப்பைப் பதுக்கினோம், பால்மாவுக்கு அடிபட்டோம். இவர் பெண்சாதியின் மேல் உள்ள பிரியத்தில் மோர்பினைப் பதுக்கிவிட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

ரிஸ்வானா மிஸ் கோபப்படவில்லை. தங்கராசா அண்ணன் அந்த ஊர் வட்ட விதானை. குளத்துத் தண்ணீரை யார் வயலுக்கு எப்போது விடுவது என்று தீர்மானிக்கிறவர். அது மிஸ்ஸுக்குத் தெரியும்.

"அண்ணன், சிறுபோகத்துக்கு நீங்கதானே முறைத் தண்ணி விடுற?"

"ஓம் மிஸ்."

"ஒருத்தன் வந்து, 'இப்ப எனக்குப் பாதித் தண்ணி போதும், மிச்சத்தக் கடைசியில மொத்தமாத் தாங்க' எண்டு கேட்டா விடுவீங்களா?"

"அதெப்படி? பயிர் காஞ்சிருமே! மறுகா எவ்வளவு தண்ணி உட்டாலும் எழும்பாதே மிஸ்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். முகத்தைத் துவாயால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதான் அண்ணன்," என்றார் ரிஸ்வானா மிஸ் மெதுவாக. "இதுவும் முறை தப்பாமக் குடுக்கிற தண்ணிதான். மருந்து வரும். ரோட்டால வராட்டித் தோணியில வரும். அது எங்கட பொறுப்பு. சொன்ன அளவ, சொன்ன நேரத்துக்குக் குடுக்கிறது உங்கட பொறுப்பு." பிறகு மறக்காமல் இன்னொன்றும் சொன்னார். பாதிதான் உள்ளே போகிறது என்று தெரியாமல் கூட்டிய அளவையெல்லாம் குறைத்து, டொக்டர் சொல்கிற புதுக் கணக்கில்தான் தொடங்க வேண்டும், சாமித்தட்டுப் போத்தல்களை மிட்வைஃப் மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். வட்ட விதானை முழு அதிகாரத்தோடு களத்தில் இறங்கிவிட்டார். போனில் அலாரம், சுவரில் மணிக்கூடு, இரண்டும் போதாதென்று மருமகனை வேறு ஞாபகப்படுத்தச் சொல்லியிருந்தார். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஒரு நிமிஷம் முந்தாது, பிந்தாது. ஊர்ச் சனம் வயல் தண்ணீருக்கு அவர் பின்னால் அலைந்த காலம் போய், அவர் ஒரு கரண்டியோடு பூமணியின் பின்னால் அலைந்தார்.

சில நாட்கள் போயிருக்கும். நான் வழக்கம்போல வட்ஸ்அப்பைத் திறந்தேன். பூமணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள்! என்னை உற்றுப் பார்த்தாள்.

"என்ன மச்சான், லொக்டவுனெண்டா சவரக்கத்தியையும் பூட்டிட்டானுகளோ? பிச்சைக்காரன் மாதிரி இரிக்கிறீங்க."

என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் ஏச்சு வாங்கியதில்லை. சுகந்தி போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கைதட்டினாள். ரிஸ்வானா மிஸ் குசினியில் நின்று தட்டத்தில் அகப்பையால் தட்டினார். எங்களுக்கு நோவு அளக்கிற கருவி அதுதான். பூமணி ஏசுகிறாளா? அப்படியென்றால் நோகவில்லை.

அந்தப் பிழை ஒரு வீட்டோடு முடியவில்லை என்பதும் தெரியவந்தது. ரிஸ்வானா மிஸ் அதன் பிறகு எந்த வீட்டுக்குக் கோல் எடுத்தாலும், "ஊட்ட ஒருக்காச் சுத்திக் காட்டுங்க" என்று கேட்கத் தொடங்கினார். அலுமாரிக்கு மேலே, அரிசி வாளிக்குள், ஓதிய தண்ணீர்ப் போத்தலுக்குப் பின்னால்... தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்றில்லை, பிரியமுள்ள வீடுகளிலெல்லாம் பதுக்கல் இருந்தது. நேரில் போன காலத்தில் கட்டிலடியில் கதிரை போட்டு உட்கார்ந்தவருக்கு, அடுத்த வீட்டாரின் சாமியறையை யார் காட்டியிருப்பார்கள்? போன் காட்டியது. அதுவும் கவரேஜ் இல்லாத போன்!

இடையில் ஒரு கிழமை ரோட்டை உண்மையாகவே பூட்டினார்கள். மிஸ் சொன்ன வாக்கு நின்றது. மருந்து தோணியில் வாவியைக் கடந்தது. டொக்டரே காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி மிட்வைஃப்பிடம் கொடுத்தாராம். தோணிக்காரரின் மனைவிக்கு அந்த டொக்டர் வாய்வுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது தனிக் கதை.

பூமணி அந்தச் சிறுபோகம் முழுவதும் இருந்தாள். வாசல் கதிரையில் உட்கார்ந்து அறுவடைக்காரருக்கு உத்தரவு போட்டாள். புது அரிசிச் சோறும் இறால் கறியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இறாலில் உறைப்புக் காணாது என்று மகளை ஏசினாள். மருந்து நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னதாகவே கரண்டியோடு வந்து நின்றதற்காகப் புருஷனை ஏசினாள்.

பிறகு ஒரு பின்னேரம், அவளுடைய வீட்டில், அவளுடைய கட்டிலில், தங்கராசா அண்ணனின் கையைப் பிடித்தபடி தூங்கினாள். எழும்பவில்லை.

எனக்கு ஊருக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. போனில்தான் இருந்தேன். ரிஸ்வானா மிஸ்ஸும் இருந்தார். பூமணியின் சதுரத்தில் தங்கராசா அண்ணனின் முகம். கண் சிவந்திருந்தது. ஆனால் தலை குனிந்திருக்கவில்லை. வாய்க்கால் முழுவதும் தண்ணீர் பாய்ந்து முடிந்த பிறகு வரம்பில் வந்து நிற்கிற மனிதரைப் போல நிமிர்ந்து இருந்தார்.

"மிஸ்," என்றார். "ஒரு நேரமும் தப்பல்ல. கடைசி வரைக்கும் நோகல்ல மிஸ். வெண்டுட்டம்."

ரிஸ்வானா மிஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

"ஓம் அண்ணன். வெண்டுட்டம்."

சாவு வீட்டிலிருந்து 'வென்றுவிட்டோம்' என்கிற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை — பிழையான சொல் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.