தீ எங்கே என்று கேட்ட ஊர்

ரங்கூனில், எங்கள் போட்டாதாங் பேட்டையில் கரண்டு போனால் எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிடும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன். கீழ்வீட்டுக்காரர்கள் உடனே மீஸெட்டைக் கிளப்பிவிடுவார்கள். மீஸெட் என்றால் ஜெனரேட்டர். இங்கே தமிழர்களும் அப்படித்தான் சொல்கிறோம். முதலில் இருமும், பிறகு ஒரே சுருதியில் நின்று ரீங்கரிக்கும், நாயனத்துக்குப் பக்கத்தில் ஊதும் ஒத்து மாதிரி. ஸ்காட்லாந்துக்காரனின் பைக்குழலிலும் தோளில் சாய்ந்த மூன்று குழல்கள் இப்படித்தான் விடாமல் ஊதிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என் இடது கால் தானாக எழும்புகிறது, கை பேஸ் டிரம்மைத் தேடுகிறது. டிரம் இருப்பது கடல்களுக்கு அப்பால், ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் ஒரு கொட்டகையில். நான் இருப்பது மூன்றாம் மாடியில், தங்கச்சி கமலா வீட்டில். இரண்டு வாரத்துக்கென்று வந்தவன், இரண்டாவது மழைக்காலத்தை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும், வேறு யார் சொல்வார்கள்? அப்பா இந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கப்பலில் எண்ணெய் துடைக்கிற வேலைக்கு ஏறி, ஸ்காட்லாந்தில் இறங்கி, மீன் வெட்டி, கடைசியில் அதே ஊரில் சொந்தமாக மீன் பொரிக்கிற கடை வைத்தேன். வெள்ளைக்காரன் மழையில் வரிசையாக நின்று என் கையால் வாங்கித் தின்றான். படித்தவர்கள் யாராவது செய்து காட்டட்டும். அதைவிடப் பெரிது, அந்த ஊர் பேண்டில் பேஸ் டிரம் என்னுடையது. வேடிக்கை பார்க்கிறவன் குழல் ஊதுகிறவனைத்தான் ராஜா என்று நினைப்பான். நடுவில் போகிற டிரம்காரன் அடித்தால்தான் முன்னால் போகிறவன் காலும் பின்னால் வருகிறவன் காலும் ஒன்றாக விழும். எனக்கு நோட்டு வாசிக்கத் தெரியாது, தேவைப்படவும் இல்லை. அவர்கள் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடையும் எனக்கு ஒரு பொருட்டில்லை. லோஞ்சி, அதாவது பர்மாக் கைலி, கட்டி வளர்ந்தவனுக்கு அதில் என்ன வெட்கம்?

முதல் ஊர்வலத்தில் மட்டும் ஒரு கூத்து நடந்தது. சின்ன வயதில் இங்கே தீமிதிக்குத் தப்பு அடித்தவன் நான். கரகம் கோயில் வாசலை நெருங்க நெருங்க அடி ஏற வேண்டும். குழியில் தணல் கண்ணில் பட்டுவிட்டால் கை பறக்க வேண்டும், இல்லாவிட்டால் பூசாரி திரும்பி முறைப்பார். அங்கே ஊர்வலம் டவுன் ஹாலை நெருங்கியது. படிக்கட்டில் பெரிய மனிதர்கள், இரண்டு பக்கமும் கூட்டம், கைதட்டல். என் கைக்கு அது கோயில் வாசலாகத்தான் தெரிந்தது. அடி ஏறிவிட்டது. குழல்காரர்கள் முகம் தக்காளியாகி, பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போய், படிக்கட்டில் முட்டாத குறை. பேண்டுக்குத் தலைவன் டக்கி, பிழைப்புக்குக் குழாய் ரிப்பேர் செய்கிறவன். பையைக் கீழே இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டே, "வேர்ஸ் த ஃபயர், மணி?" என்றான்.

தீ எங்கே என்று கேட்கிறான்! இவனுக்கு யார் சொன்னது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். "ரங்கூன். டெம்பிளுக்கு முன்னாடி," என்றேன்.

அவன் முகம் மாறிவிட்டது. "ஐயோ, எப்போ? அணைச்சாச்சா?"

"நோ, நோ. வீ வாக் ஆன் இட்."

அவசரப்படுகிறவனை அந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? அன்று பேண்டே ரோட்டில் உட்கார்ந்து சிரித்தது. அதன்பிறகு என் அடி ஒரு இழை ஏறினாலும் பின்னாலிருந்து "ரங்கூன்!" என்று எவனாவது கத்துவான். நானும் விடவில்லை. டக்கி தன் கைக்கடிகாரத்தை என் அடியைக் கேட்டுத் திருத்துகிற அளவுக்குக் கையைக் கட்டிவைத்தேன்.

இங்கே கமலாவுக்கு வாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. அவள் மகன், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற இந்த நிலைமையில், எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போய்விட்டான். என்னைத் தவிர ஆள் கிடையாது. நடந்து பழகினால் கால் திரும்பும் என்று டாக்டர் சொன்னார். அது பாதிதான், மீதி என் மூளை. காலி அரிசி டின்னைக் கவிழ்த்து, அகப்பையில் துண்டைச் சுற்றி நான் அடிப்பேன். அடிக்கு ஒரு எட்டாக அவள் கட்டிலிலிருந்து வாசல்வரை வர வேண்டும். இதுவரை பாதி வழியில் இருக்கிற பீரோவைத் தாண்டியதில்லை.

நேற்று டக்கி போன் போட்டான். கோடைப் போட்டி வருகிறதாம். "உன் டிரம்மை ஒரு பொண்ணு சுமக்குது மணி. நல்லாவே அடிக்கிறா. நீ வரலைன்னா தோல்வாரை அவ அளவுக்கு வெட்டிடணும். நாளைக்குக் கூப்பிடறேன், சொல்லு."

"வெட்டாதே. தங்கச்சி நடந்ததும் வந்துடறேன்," என்றேன். கமலா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

இன்று மத்தியானம் கரண்டு போனது. மீஸெட் சுருதி பிடித்ததும் நான் டின்னை எடுத்தேன்.

"நான் என்ன உன் பட்டாளமாண்ணே?"

"வாயை மூடிட்டு இடது காலை எடு."

எடுத்தாள். ஒவ்வொரு எட்டாக வந்தாள். பீரோவையும் தாண்டிவிட்டாள். வாசல் நிலை அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்போதுதான் கமலா நின்றுவிட்டாள். கையைப் பின்னால் நீட்டிப் பீரோவைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏண்ணே இவ்வளவு அவசரம்?"

அவள் கேட்டபிறகுதான் என் அடி எனக்கே கேட்டது. தணலைப் பார்த்த கை மாதிரி பறந்துகொண்டிருந்தது.

"உனக்காகத்தான் அடிக்கிறேன் புள்ளே."

"எனக்கா, அந்த டக்கிக்கா? நான் நிலையைத் தொட்டா நீ டிக்கெட் போட்டுருவ. எனக்குத் தெரியாதா?"

அன்று டக்கி கேட்ட அதே தீயைத்தான் இவளும் கேட்கிறாள். மேசையில் போன் அடிக்க ஆரம்பித்தது. டக்கிதான்.

பேண்டில் ஒரு கட்டளை உண்டு, மார்க் டைம் என்று. முன்னால் வழி இல்லாதபோது கொடுப்பது. அடியும் நிற்கக் கூடாது, ஆளும் நகரக் கூடாது. நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். நான் கையை அந்த நடைக்கு இறக்கினேன். கமலா கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு பீரோவை விடாமல், நின்ற இடத்திலேயே இடது காலை எடுத்து வைத்தாள். டின்னுக்குப் பின்னால் என் காலும் எழும்பி இறங்கியது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. இந்நேரம் டக்கி தோல்வாரை வெட்டக் கத்தியைத் தேடிக்கொண்டிருப்பான். கீழே மீஸெட் மூச்சு விடாமல் ஊதிக்கொண்டிருக்க, மேலே நாங்கள் இரண்டு பேரும் நடந்துகொண்டே இருந்தோம், ஒரு அடிகூட நகராமல்.