ஸ்பானிஷ் வகுப்பு நடக்கும் வீட்டில் எட்மண்ட்

எட்மண்டுக்குப் பக்கவாதம் வந்தபோது ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர். ஒரு திருகு அரை நூல் தளர்ந்திருந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். மாரெட்பள்ளி வீட்டில் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து, முதல் வேலையாகச் சவரம் செய்துகொள்வார். காய்ச்சல் அடித்தாலும் அது நிற்காது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் முகத்தில் முள்முள்ளாக முடியை மனைவி யூனிஸ் பார்த்தது ஒரே ஒரு தடவை, அவருடைய அப்பா இறந்ததற்குப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தபோது.

இப்போது வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் பிசகிவிட்டது. காதில் விழுவதெல்லாம் அவருக்குப் புரிந்தது. வாயிலிருந்து வருவதுதான் அவர் நினைத்ததாக இருக்கவில்லை. "காபி தரட்டுமாங்க?" என்று யூனிஸ் கேட்டால் "வேண்டாம்" என்பார். வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருப்பார். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டு அவளைப் பார்ப்பார். இரண்டு வாரத்தில் அவள் அவர் வாயை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

யூனிஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் டீச்சராக இருந்தவள். அவரைத் தனியே விட்டுப் போக முடியாமல் அந்த வேலையை விட்டாள். ஹாலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஆன்லைனில் வகுப்பு எடுக்கத் தொடங்கினாள். காலை பத்து மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. அவர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று படுக்கையறைக் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். இத்தனை வருடத்தில் எட்மண்ட் அவளுடைய ஸ்பானிஷ் புத்தகம் ஒன்றைக்கூடப் புரட்டியதில்லை. இப்போது முழுப் பாடமும் கட்டில்வரை வந்தது.

வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரம் தினசரி வேலைகளைப் பற்றிய பாடம். பத்து மணி வகுப்பில் ஆறு பேர். எல்லோரும் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும்தான் பேசுவார்கள். லோத்குண்டாவிலிருந்து சேர்ந்திருந்த ஹம்ஸினிக்கு மட்டும் தமிழ் தெரியும். அவளுக்காக யூனிஸ் ஒருமுறை தமிழிலேயே விளக்கினாள்.

"தலை சீவிக்கிறேன், சேலை உடுத்திக்கிறேன்னு சொல்றோம்ல? அந்த 'க்கிறேன்' எதுக்கு? நான் செய்றது என்மேலேயே வந்து முடியுது. இவங்க அதுக்கு முன்னாடி ஒரு 'மே' போடுவாங்க. மே பெய்னோ, தலை சீவிக்கிறேன். மே விஸ்தோ, உடுத்திக்கிறேன். மே லெவான்தோ, எழுந்துக்கிறேன்."

"ஓ, அவ்வளவுதானா மேம்!" என்றாள் ஹம்ஸினி.

மாதவ் என்ற பையன், தான் காலை பதினோரு மணிக்கு எழுந்துகொள்வதாக ஸ்பானிஷில் சொன்னான். யூனிஸ் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். மணி அப்போது பத்தே கால். எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலில் எட்மண்டும் சிரித்தார், வாயின் ஒரு பக்கத்தால்.

அன்று மத்தியானம் முழுக்க அவர் அந்தச் சொற்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். எழுந்துகொள்கிறேன், அவரால் ஆகாது. குளிக்கிறேன், அதுவும் ஆகாது. உடுத்திக்கொள்கிறேன், இல்லை. விழித்துக்கொள்கிறேன். அது ஒன்று மிச்சம் இருந்தது. இப்போதும் ஐந்தே முக்காலுக்கு யாரும் எழுப்பாமல் அவருக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு ஆறரைக்கு யூனிஸ் வந்து தூக்கி உட்கார வைக்கும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வியாழக்கிழமை மாதவ் ஒரு சந்தேகம் கேட்டான். நமக்கு நாமே செய்யாமல் இன்னொருவருக்குச் செய்தால் எப்படிச் சொல்வது?

"நல்ல கேள்வி," என்றாள் யூனிஸ். உதாரணத்துக்கு அவள் தேடிப் போகவில்லை. அன்று காலையில் செய்துவிட்டு வந்ததுதான் நாக்கில் வந்தது. "என் கணவருக்கு உடம்பு சரியில்லை. அவருக்கு நான்தான் சவரம் செய்துவிடுகிறேன். அப்போது 'மே' கிடையாது, 'லோ', 'அவரை' என்று அர்த்தம். லோ அஃபெய்தோ. லோ லாவோ, அவரைக் கழுவிவிடுகிறேன். லோ விஸ்தோ, அவருக்கு உடுத்திவிடுகிறேன். எல்லாரும் சொல்லுங்கள்."

ஆறு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லின. லோ அஃபெய்தோ. லோ லாவோ. லோ விஸ்தோ. முகம் தெரியாத ஆறு பேர் வரிசையாக வந்து தன்னைக் கழுவித் துடைத்து உடுத்திவிட்டுப் போவதுபோல எட்மண்டுக்கு இருந்தது. போர்வையை மேலே இழுக்கப் பார்த்தார். இடது கைக்கு அது எட்டவில்லை.

மறுநாள் காலை யூனிஸ் சோப்பு நுரையோடு வந்தபோது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னங்க இது? நேத்து வரைக்கும் நல்லாத்தானே காட்டினீங்க?"

அவர் திரும்பவில்லை. சனிக்கிழமையும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை தாடி நரைநரையாகப் படர்ந்திருந்தது. "எங்கயாவது வலிக்குதா? நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?" என்று குனிந்து கேட்டாள். எட்மண்ட் வாயைத் திறந்தார். உதடு கோணியது. வெகு நேரம் முக்கிமுக்கி ஒரே ஒரு எழுத்தை வெளியே தள்ளினார்.

"லோ."

யூனிஸுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டாள்.

"கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

அவர் இடது கையை நீட்டினார். ரேசரைக் கேட்கிறார் என்று தெரிந்தது. கொடுக்க அவளுக்கு மனமில்லை. கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. முகத்தில் நுரையைப் பூசி ரேசரைக் கொடுத்துவிட்டு, கண்ணாடியை எடுத்து அவர் முன்னால் பிடித்துக்கொண்டாள்.

இடது கன்னத்தில் மூன்று இழுப்பு ஓரளவு சரியாக வந்தது. வலது கன்னத்துக்குக் கையைக் குறுக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. ரேசர் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. நுரை இளஞ்சிவப்பாக மாறியதைக் கண்ணாடியில் பார்த்துத்தான் வெட்டிவிட்டது என்பதே அவருக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் உணர்ச்சி இல்லை. யூனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு இழுப்பு, இன்னொரு வெட்டு. மேலுதட்டுக்கு வந்தபோது ரேசர் கை நழுவி மடியில் விழுந்தது. அதை எடுக்க இரண்டு முறை முயன்றார். பிறகு விட்டுவிட்டார். மோவாயை அவள் பக்கம் உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார். மிச்சத்தை அவள் செய்து முடித்தாள்.

திங்கட்கிழமை வந்த பிசியோதெரபிஸ்ட் குணசேகரன் காயங்களைப் பார்த்துவிட்டு, "ஜல்தி நக்கோ ஸார், அவசரம் வேண்டாம். இடது கை பழகவே ஆறு மாசம் ஆகும். அப்புறமும் முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

அவர் போனபின் வகுப்புக்கு நேரமாயிற்று. யூனிஸ் ஹாலுக்குக் கிளம்பினாள். எட்மண்ட் கதவைக் காட்டி, இடது கையால் தள்ளுவதுபோல் சைகை செய்தார்.

"மூடணுமா? அப்புறம் நீங்க கூப்பிட்டா எனக்குக் கேக்காதுங்க."

அவர் மறுபடியும் தள்ளிக் காட்டினார். அவள் மூடிவிட்டுப் போனாள்.

முதல் கால் மணி நேரம் நிம்மதியாக இருந்தது. வெறும் முணுமுணுப்புதான், எந்தச் சொல்லும் பிரியவில்லை. பிறகு தாகம் எடுத்தது. டம்ளர் ஸ்டூலில் இருந்தது. கையை நீட்டினார், விரல் பட்டு அது உருண்டது. தண்ணீர் முழுவதும் மெத்தையில் இறங்கி முதுகு நனைந்தது. யூனிஸ் என்று கூப்பிட நினைத்தார். வந்தது, சிறு வயது முதல் ஜெபத்தில் சொல்லிச் சொல்லி ஊறிப்போன சொல். "ஸ்தோத்திரம்," என்றார். இன்னும் உரக்க, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"

பதினொன்றுக்கு யூனிஸ் கதவைத் திறந்தாள்.

"ஐயோ, கூப்பிட்டீங்களா? நீங்க ஜெபம் பண்றீங்கன்னுல்ல நினைச்சேன். நடுவுல வரக் கூடாதேன்னு…"

அவள் கட்டிலின் ஓரத்தில், அவருக்கு வலப் பக்கமாக உட்கார்ந்து அழுதாள். முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று எட்மண்டுக்கு இருந்தது. அந்தப் பக்கத்தில் கிடந்தது வராத கை.

பிறகு அவள் எழுந்து அவரைப் புரட்டி, ஈர விரிப்பை உருவினாள், சட்டையை மாற்றினாள், தண்ணீர் புகட்டினாள். பன்னிரண்டு மணி வகுப்புக்குப் போகும்போது அவரைக் கேட்காமலே கதவைப் பாதி திறந்து வைத்தாள். அவர் சைகை எதுவும் செய்யவில்லை. ஹாலில் புதிய குரல்கள் பாடத்தைத் தொடங்கின. கேட்காமல் இருக்க அவருக்கு வழி இல்லை.