யாரும் மறுக்கவில்லை என்று எழுதிக்கொள்ளாதீர்கள்

நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கச் செய்தி மடலுக்குப் பிலோமினா டீச்சரைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இருப்பார்களே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. எதை எழுதுவதானாலும் முதலில் குறிப்பு எடுத்துக்கொள்வது என் பழக்கம். அந்தக் குறிப்புகளை அப்படியே தருகிறேன்.

1. செய்தி வந்தது.
2. டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்ததும், முதல் ஆண்டிலேயே ஏமாந்ததும்.
3. அவர் நடத்திய அமெரிக்கப் பாடம்.
4. எல்லையோரக் கிராமத்துக் கூட்டம். அன்று அவர் செய்தது சரி. ஆனால் முடிவில் தோற்றுப்போனார்.
5. விடைகொடுத்தல்.

ஓசூர் பேருந்து நிலையத்தில் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. டீச்சரின் தம்பி அருள் பேசினார். "சார், அக்கா போயிட்டாங்க. காலைல காபி போட எழுந்தாங்க. அடுப்புப் பக்கத்துலயே உக்காந்தாங்க. அவ்வளவுதான் சார்." நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பஸ் வந்தது, நிரம்பியது, போயிற்று. ஏற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

டீச்சரை அறியாதவர்களுக்குச் சில விவரங்கள். அவர் கிருஷ்ணகிரிக்காரர். தந்தையார் மாதா கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியாராக இருந்தவர். சேலத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஓசூருக்கு அப்பால் இருந்த எங்கள் பள்ளிக்கு வரலாற்று ஆசிரியையாக வந்தார். நான் அங்கே புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். தொழிற்சாலை வேலைக்கு வந்த தெற்கத்திக் குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. ஒரே வகுப்பில் நான்கு விதமான தமிழ் கேட்கும்.

வந்த சில வாரங்களில் டீச்சர் ஆசிரியர் அறைக்கு முகம் மலர வந்தார். "என்ன பசங்க சார்! வரிக்கு வரி ஊ கொட்டுதுங்க. சேலத்துல இப்படி ஒரு கிளாஸ நான் பாத்ததே இல்ல" என்றார். அரையாண்டுத் தேர்வு வந்தது. ஊ கொட்டிய பிள்ளைகளின் விடைத்தாள்களில் பெயரைத் தவிர அதிகம் ஒன்றுமில்லை. டீச்சர் ஒரு பெண்ணை அழைத்துக் கேட்டார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"புரியலன்னா ஏன்டி ஊ கொட்டின?"

"நீங்க பேசிக்கினே இருக்கீங்க இல்ல டீச்சர்? கொட்டலன்னா மரியாதையா இருக்காதே."

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அது வழக்கம். ஒருவர் கதை சொன்னாலும், படித்துக் காட்டினாலும், கேட்பவர்கள் இடையிடையே 'ஊ' என்று சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் அவமதிப்பு. அந்தப் பெண் போனபின் டீச்சர் விடைத்தாள்களை அடுக்கிக் கட்டினார். பிறகு சொன்னார்: "கேக்கறேன்னுதான் அதுங்க சொல்லியிருக்கு சார். ஒத்துக்கறேன்னு நான் எடுத்துக்கிட்டேன்."

அதன்பிறகு தெலுங்கு கற்றார். பஸ் கண்டக்டரிடம், காய்கறி விற்கும் பெண்களிடம், பிள்ளைகளிடமே கேட்டுக் கற்றார். அவர் தெலுங்கைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். "சிரிங்க, சிரிங்க. சிரிச்சா புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்பார். நான் அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தப் பள்ளிக்கு வந்தவன். கேட்டால் புரியும், பேச வெட்கம்.

ஐரோப்பியர் அமெரிக்காவுக்குப் போனதைப் பற்றிப் பாடநூலில் இரண்டு பக்கம்கூட இல்லை. டீச்சர் அதை ஒரு வாரம் நடத்துவார். முதல் நாள் தக்காளியும் மிளகாயும் மக்காச்சோளமும் கொண்டுபோவார். இவை எங்கிருந்து வந்தவை என்று கேட்டால், "தக்காளி ராயக்கோட்டைச் சந்தையிலேருந்து டீச்சர்!" என்று ஒருவன் கட்டாயம் கத்துவான். அங்கிருந்து கடலுக்கு அழைத்துப் போவார். கொலம்பஸ் முதல் தீவில் இறங்கியதும் கொடியை நாட்டி, கூட வந்த எழுத்தரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, இந்த நிலம் எங்கள் அரசருக்கும் அரசிக்கும் உரியது என்று அறிவித்தார். யாரும் மறுக்கவில்லை என்றும் பின்னர் எழுதினார். அங்கே நின்றிருந்த மக்களுக்கு அவர் பேசியதில் ஒரு சொல்கூடத் தெரியாது.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் ஸ்பெயினில் இதற்கென்று ஓர் அறிவிப்பையே தயாரித்துவிட்டார்கள். படைத்தலைவன் புதிய ஊரின் முன் நின்று அதை உரக்கப் படிக்க வேண்டும். எங்கள் அரசருக்குப் பணியுங்கள், பணியாவிட்டால் வரும் சாவுக்கும் இழப்புக்கும் நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். சில இடங்களில் கப்பலில் இருந்தபடியே படித்தார்களாம். ஆளில்லாத குடிசைகளைப் பார்த்தும் படித்தார்களாம். படித்தாயிற்று என்று எழுத்தர் எழுதிக்கொண்டால் போதும்.

இதைச் சொல்லிக் கொடுக்க டீச்சர் ஒரு வழி வைத்திருந்தார். தந்தையாரின் பழைய லத்தீன் ஜெபப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கம்பீரமாகப் படிப்பார். வகுப்பு வழக்கம்போல ஊ கொட்டும். முடித்ததும், "சரி, சம்மதிச்சிட்டீங்க. இனிமே உங்க டிபன் பாக்ஸ் எல்லாம் ராஜாவோடது" என்று சொல்லி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்துவிடுவார். பின்னாலேயே வகுப்பு மொத்தமும் கூச்சலிட்டுக்கொண்டு வரும். "புரியலையே டீச்சர்! அநியாயம் டீச்சர்!" தலைமையாசிரியர் அவரை இரண்டொரு தடவை கண்டித்ததுண்டு.

நானும் ஒருமுறை தயங்கிக் கேட்டேன். "ஜெபத்தைப் படிச்சு இப்படி விளையாடறது பாவமில்லையா டீச்சர்?"

"புரியாதவங்க முன்னாடி ஜெபம் படிச்சா பாவமில்ல சார். ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதிக்கிட்டாத்தான் பாவம்."

இனி அந்தக் கூட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதற்குப் பிறகு நடந்தது. ஊரின் பெயரை எழுத எனக்குத் துணிவில்லை. கர்நாடக எல்லையை ஒட்டியது என்பது போதும். கோடை விடுமுறையில் மாணவர் சேர்க்கைக்காக நானும் டீச்சரும் அங்கே வீடுவீடாகப் போயிருந்தோம். வீடுகள் பூட்டியிருந்தன. ஊரே தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் கூடியிருந்தது. எங்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

ஒரு தொழிற்சாலைக்காக நிலம் வாங்க முனிரத்தினம் என்ற தரகர் வந்திருந்தார். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று பல நாளாகத் தெலுங்கில் சொல்லிவைத்திருந்தார். அன்று ஒப்பந்தத்தைப் படித்துக் கைரேகை வாங்க வேண்டியதுதான் பாக்கி. மேசைமேல் மை தடவும் பெட்டி திறந்திருந்தது. வெளியே ஜீப், வாசலில் அவருடைய ஆட்கள் இருவர்.

கூட வந்த எழுத்தர் படித்தார். பத்திரத் தமிழ். மூச்சுவிடாத நீண்ட வாக்கியங்கள். முன்வரிசையில் ராமக்கா என்ற விதவைப் பெண்மணி இருந்தார். அவர் மகள் எங்கள் மாணவி. அவருக்கிருந்தது கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும். கோடையிலும் வற்றாத அந்தக் கிணற்றை நம்பித்தான் அவரும் அக்கம்பக்கத்துச் சில வீடுகளும் தக்காளி போட்டன. எழுத்தர் நிறுத்திய இடங்களிலெல்லாம் ராமக்கா 'ஊ' என்றார். எல்லாரும் 'ஊ' என்றார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பினார். பேசப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"எல்லாருக்கும் சம்மதம். ஒருத்தரும் மறுக்கல. எழுதிக்கோப்பா" என்றார் முனிரத்தினம்.

டீச்சர் எழுந்தார். "யாரும் மறுக்கலன்னு எழுதிக்காதீங்க."

"இன்னா டீச்சரம்மா? புள்ளைங்கள சேக்க வந்தீங்க. சேத்துக்கினு போங்களேன்."

"இவங்களுக்கு அந்தத் தமிழ் புரியலைங்க."

"தமிழ் தெரியாதா? சந்தையில வந்து பாருங்க. என் தோல உரிச்சிடுவாங்க பேரத்துல!"

சிரிப்பு எழுந்தது. டீச்சர் அது அடங்கும்வரை காத்திருந்தார். "பேரத்துத் தமிழ் வேற, இது வேற. எனக்கே பாதி புரியல. இதோ, சார் முப்பது வருஷமா வாத்தியார். அவருக்குப் புரிஞ்சுதான்னு கேளுங்க."

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. வாசலில் நின்றவர்களும் பார்த்தார்கள். "கொஞ்சம்... கொஞ்சம் புரிஞ்சது" என்றேன். யாரோ ஒரு கிழவர் உரக்கச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் ஏதோ இளகியது என்று நினைக்கிறேன். "குடுங்க, நான் தெலுங்குல சொல்றேன்" என்று டீச்சர் எழுத்தரிடம் கையை நீட்டினார். எழுத்தர் முனிரத்தினத்தைப் பார்த்தார். ஒரு வாத்தியாரம்மாவின் தெலுங்கு எவ்வளவு தூரம் போய்விடும் என்று முனிரத்தினம் எண்ணியிருக்க வேண்டும். "குடுடா, படிக்கட்டும்" என்றார்.

டீச்சர் வரிவரியாகத் தெலுங்கில் சொன்னார். சொல் கிடைக்காதபோது நிறுத்தி, கையால் காட்டி, முன்வரிசைப் பெண்களையே கேட்டார். முதலில் வழக்கம்போல ஊ. நிலத்திலுள்ள கிணறு, மரம், வரப்பு, வழிநடை எல்லாம் சேர்த்து என்ற இடம் வந்ததும் ஊ நின்றது.

"கிணறுமா?" என்று ராமக்கா தெலுங்கில் கேட்டார்.

"கிணறும்தான்."

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "வேலை எந்த வரியில இருக்குது?"

டீச்சர் கடைசிவரை படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். "வேலையப் பத்தி இதுல ஒண்ணும் எழுதல" என்றார்.

வாசலில் நின்ற ஒருவன் உள்ளே இரண்டடி வந்தான். முனிரத்தினம் கையசைத்து அவனை நிறுத்தினார். அன்று யாரும் கைரேகை வைக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நாங்கள் வெளியே வரும்போது முனிரத்தினம் மிக மரியாதையாகப் பேசினார். "பஸ்ஸுலதானே வர்றீங்க டீச்சரம்மா? பாத்து வாங்க. ரோடு சரியில்ல."

அதன்பின் பல வாரங்கள் எங்கள் நிறுத்தத்தில் முனிரத்தினத்தின் ஆள் ஒருவன் மோட்டார் சைக்கிளோடு நிற்பான். டீச்சரின் பஸ் வரும்வரை நான் குடையுடன் கூட நிற்பேன்.

"அந்தக் குடைய வெச்சிக்கிட்டு என்ன சார் பண்ணுவீங்க?"

"வெயிலுக்குத்தான் டீச்சர்."

"அது அவனுக்குத் தெரியாதில்ல? நல்லா இறுக்கிப் புடிங்க."

அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. தலைமையாசிரியர் விளக்கம் கேட்டார். டீச்சர் எழுதிக் கொடுத்தார். ஒருநாள் அந்த மோட்டார் சைக்கிள் வராமல் நின்றுவிட்டது.

அது ஏன் நின்றது என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. ஊர்க்காரர்கள் விற்றுவிட்டார்கள். ராமக்காவும் விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸில் போகும்போது நீளமாக, நேராக, ஒரு மதில் எழுவதைப் பார்த்தேன். மறுநாள் டீச்சரிடம், "நாம தோத்துட்டோம்" என்றேன்.

"நாமளா? நீங்க எப்ப சார் இதுல சேந்தீங்க?" என்றார். பிறகு, "விக்கறது அவங்க இஷ்டம் சார். ஊ கொட்டினத வித்ததா எழுதக் கூடாது, அவ்வளவுதான். ஒரு தடவ அங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, தோத்தோமான்னு" என்றார். தோற்றவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்றே அதை எடுத்துக்கொண்டேன். முனிரத்தினத்தின் ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போக எனக்குத் தைரியமும் இல்லை. இருவரும் ஓய்வுபெற்றோம். அதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

இதுவரையில் உள்ளதைச் செய்தி வந்த அன்று மாலையே எழுதிவிட்டேன். ஐந்தாவது குறிப்பை அடக்கத்துக்குப் பிறகு எழுதலாம் என்று விட்டிருந்தேன்.

கிருஷ்ணகிரிக் கல்லறைத் தோட்டத்தில் ராமக்காவைப் பார்த்தேன். கையில் செவ்வந்திப் பூவுடன் ஓரமாக நின்றிருந்தார். எல்லாரும் கலைந்தபின் கேட்டேன்.

"ஏம்மா, அன்னிக்கு டீச்சர் அவ்வளவு சொல்லியும் ஏன் வித்தீங்க?"

"ஏன் சார், நாங்க விக்கக் கூடாதா?" என்றார் சட்டென்று. "மழ இல்ல. பெரியவளுக்குக் கல்யாணம். விக்காம இன்னா பண்றது? ஆனா அந்தாளு வரச்ச எல்லாம், படிச்சுக் காட்டு, தெலுங்குல படின்னேன். ஊ கொட்டவே இல்ல சார் நான். வாய மூடிக்கினு கேட்டேன். அந்தாளுக்கு அதான் பயம் வந்துச்சி. பத்திரத்துலேருந்து கிணத்த எடு, அதச் சுத்தி இருக்கற துண்ட எடு, ரோட்டுக்கு வர்ற வழிய எடுன்னேன். எடுத்து எழுதிக்கினு வந்தாங்க. அப்புறம்தான் ரேக வெச்சேன்."

"எல்லாரும் அப்படியா?"

"இல்ல சார். சில பேரு மொத்தமா குடுத்துட்டாங்க. தெரிஞ்சேதான் குடுத்தாங்க."

"நான் பஸ்ஸுலேருந்து பாத்தேனே, மதில் நேராத்தானே..."

"பஸ்ஸுல இருந்து பாத்தா முன்னாடி செவுருதான் சார் தெரியும். பின்னாடி வந்து பாக்கணும். டீச்சரம்மா செவுரு கட்டறப்பவே வந்து நின்னு பாத்தாங்களே."

மூன்றாம் நாள் அந்த ஊருக்குப் போனேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தொழிற்சாலையின் பின்புறத்தில் அந்த உயரமான மதில் நேராக வருகிறது. ராமக்காவின் நிலத்தருகே நிற்கிறது. அங்கே உள்வாங்கி மடிந்து, கிணற்றையும் ஒரு துண்டு நிலத்தையும் வெளியே விட்டுச் சுற்றிக்கொண்டு போய், அதன்பிறகுதான் மறுபடி நேராகிறது. மடிப்புக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் தக்காளிச் செடிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ராமக்கா மண்வெட்டியால் மடை மாற்றிவிட்டு, நான் நிற்பதைப் பார்த்துத் தலையாட்டினார்.

போய் வாருங்கள், டீச்சர். நீங்கள் சொன்னபடி போய்ப் பார்த்துவிட்டேன்; வந்து சொல்லத்தான் நேரமாகிவிட்டது. வாசகர்கள் நான்காவது குறிப்பின் கடைசி வாக்கியத்தை அடித்துவிட வேண்டுகிறேன். அது தவறு.