அம்மாவின் பலா மணை

செங்கல்பட்டில் பழைய கோர்ட்டை இப்போது மியூசியமாக வைத்திருக்கிறார்கள். முன்கூடத்தில் மூக்குடைந்த சிலைகள், கலெக்டர்களின் படங்கள். அதிலெல்லாம் எனக்குக் கண் போகவில்லை. நான் போனது சாட்சிக் கூண்டைப் பார்க்க.

ஐம்பதுகளில் அந்தக் கூண்டில் என் அம்மா ஏறினாள். நைனா இறந்த மறு வருஷமே, மாமல்லபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டைத் தான் கட்டியதாகச் சொல்லிப் பெரியப்பா கேஸ் போட்டுவிட்டார். தோற்றால் அம்மாவும் நானும் தெருவில் நிற்க வேண்டியதுதான். அம்மாவோ குள்ளம். கூண்டில் நின்றால் தலையே தெரியாது என்று யாரோ கிளப்பிவிட, நைனா செய்த பலாமர மணையை இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். திருக்கழுக்குன்றம் வரைக்கும் பஸ்ஸில் ஒரே சிரிப்பு. எனக்கு மானம் போயிற்று.

"இன்னாத்துக்குமா இது?" என்றேன்.

"ஜட்ஜு என் மூஞ்சப் பாக்க வேணாமா? கம்னு வா."

கூண்டுக்குள் மணையைப் போட்டு ஏறி நின்றாள். முன்சீப்பே சிரித்துவிட்டார். பெரியப்பாவின் வக்கீல், வாசல் கதவு முதற்கொண்டு தன் கட்சிக்காரர் மெட்ராஸில் வாங்கி வந்தது என்று அடித்துச் சொன்னார். அம்மா சட்டென்று இறங்கி மணையைத் தூக்கிக் காட்டினாள்.

"கதவு அறுத்த மீதிலதான் அவரு இத்த செஞ்சாரு, சாமி. மரத்துக் கணு பாதி இதுல கீது, பாதி கதவுல கீது. வந்து பாருங்க."

ஆள் அனுப்பி, மணையைக் கதவோடு வைத்துப் பார்த்தார்கள். கணு பொருந்தியது. வீடு எங்களுக்கு நின்றது. மணையைத்தான் சாட்சிப் பொருள் என்று சிவப்பில் நம்பர் எழுதிக் கோர்ட்டில் வைத்துக்கொண்டார்கள். அப்பீல் போவேன் என்று பெரியப்பா மிரட்டிக்கொண்டே இருந்ததில் அது திரும்பி வரவில்லை. அவர் அப்பீல் போகவும் இல்லை.

அம்மாவுக்கு மனசு ஆறவே இல்லை. நான் செங்கல்பட்டுக்குக் கிளம்பினால் போதும், "அப்டியே கோர்ட்டாண்ட போயி மணையக் கேட்டுகினு வா" என்பாள். நானும் கேட்டுப் பார்த்தேன். குமாஸ்தா கையை விரித்தார். "நெஜமாவே கேட்டியா?" என்று குடைவாள். வீட்டையே ஜெயித்தவளுக்கு ஒரு மணைக்காக அவ்வளவு ஆத்திரம்!

அம்மா போய் வெகுகாலமாகிறது. ரோடு அகலப்படுத்தியதில் வீடும் அந்தக் கதவோடு போய்விட்டது. நைனா கைபட்ட பொருள் ஒன்றுகூட என்னிடம் மிஞ்சவில்லை.

கூண்டை ஒட்டி, கண்ணாடிக்குள் மணை இருந்தது. அதே சிவப்பு நம்பர், அதே பாதிக் கணு. கீழே 'பழைய மர இருக்கை' என்று சீட்டு. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். காவலுக்கு இருந்த பெண் ஓடி வந்தாள்.

"இன்னாச்சும்மா? இன்னா வோணும்?"

"எங்கம்மா மணையக் கேட்டுகினு வரச் சொல்லிச்சு" என்றேன்.