ஆறாவது ஜன்னல்

ஜம்பூல் ரயில் நிலையத்தில் ஃப்ளூராவின் முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரல் தெரியாதவர் யாருமில்லை. மாடியில் புறாக்கூண்டு அளவில் ஓர் அறை, ஒரு மைக், ஒரு உள்தொலைபேசி. அங்கே உட்கார்ந்து அவள் “கவனிக்கவும்” என்று சொன்னால், கீழே முலாம்பழம் விற்பவள்கூடப் பேச்சை நிறுத்துவாள். அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை ஃப்ளூரா மெல்ல மேலே தூக்கி விடுவாள். யாரும் சொல்லித் தந்ததல்ல, வேலையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

வீட்டில் அந்தக் குரலைக் கேட்க ஆளில்லை. புருஷன் வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஃப்ளூரா அழுதாள், அவன் விட்டுப்போன கோட்டு ஒன்றைச் சந்தையில் விற்றாள், அந்தப் பணத்தில் டேப் ரெக்கார்டர் வாங்கினாள். எனக்கு அவளிடம் பிடித்ததே இதுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் எவால்ட் இருந்தான். போர்க்காலத்தில் ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து கொட்டப்பட்ட ஜெர்மன் குடும்பத்துப் பிள்ளை, சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிறவன். வெளிநாட்டு உறவுக்காரர்கள் அனுப்பும் துணிமணிக்கு நடுவே எப்போதாவது ஓர் இசைத்தட்டு வந்து சேரும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த ஆங்கிலப் பாட்டுகள், அரசாங்கம் தடை செய்தவை. கிட்டார் கதறும், முரசு இடிக்கும், இருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஞாயிறு மதியம் அக்கம்பக்கத்தார் சந்தைக்குப் போன நேரத்தில் இரண்டு ரெக்கார்டரையும் இணைத்துப் பிரதி எடுப்பார்கள்.

பிரதிகள் ரயிலில் போயின. பெட்டி உதவியாளர்கள் தேநீர்ப் பொட்டலங்களோடு தாஷ்கண்டுக்கும் ஓம்ஸ்குக்கும் கொண்டு போவார்கள். அதற்கு ஒரு விதி. டேப்பைத் திருப்பி அனுப்புகிறவர் தனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றையாவது அதில் ஏற்றி அனுப்ப வேண்டும். அப்படித்தான் முகம் தெரியாத யாரோ ஒருவரின் உயிருக்குயிரான பாட்டு, ஜம்பூலில் ஃப்ளூராவின் சமையலறைக்கு வந்து சேரும்.

இன்னொரு விதியும் இருந்தது. டேப் மீது ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. கையெழுத்து அகப்பட்டால் ஆள் அகப்பட்டான். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது என்ன, எந்த ஆண்டுப் பாட்டு என்று பேசிப் பதிவு செய்தார்கள்.

“நீயே பேசிடு ஃப்ளூரா. என் நாக்கு பெரளுறத கேட்டா நாய்க்குக்கூட தெரிஞ்சிடும், இவன் ஜெர்மன்காரன்னு” என்றான் எவால்ட்.

“பேரே தெரியாம என்னத்தச் சொல்றது?”

“நீயா ஒரு பேர் வை. பெத்தவளா வந்து கேக்கப்போறா?”

அவள் பெயர் வைத்தாள். மழையில் கதவைத் தட்டுகிறவன். வெள்ளைச் சட்டை. அவளுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, ஒரு பெண் யாரையோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் பாட்டு. அதற்கு ஆறாவது ஜன்னல் என்று பெயர். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

கையெழுத்துக்கு அவ்வளவு பயந்தவர்கள் குரலுக்குப் பயப்படவில்லை பாருங்கள். வீட்டுக் குரலில்தான் பேசினோம் என்று ஃப்ளூரா நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் மைக்கைக் கண்டதும் அவளுக்குள் ரயில் நிலையம் விழித்துக்கொண்டது. டேப்பில் ஒவ்வொரு பாட்டும் “கவனிக்கவும்” என்றுதான் தொடங்கியது.

ஒரு வருஷம் இலையுதிர் காலத்தில், ஓம்ஸ்கிலிருந்து வந்த ஒருவன் இரும்புப் படியேறி அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

“நீங்கதானா அது! ஆறாவது ஜன்னல்னு ஒரு தடவை சொல்லுங்களேன்” என்று இளித்தான்.

“ஆளு மாறி வந்துட்டீங்க. கீழே எறங்குங்க” என்றாள். அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். எங்கோ ஓர் ஊர்க்காரனுக்குத் தெரிந்தது உள்ளூர்க்காரனுக்குத் தெரிய எத்தனை நாளாகும்?

நாளாகவில்லை. பாலிடெக்னிக் விடுதியில் ஒரு மாணவன் டேப்போடு பிடிபட்டான். அந்த வாரமே அவனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்கள். பட்டாளம் அப்போது யாரைத் தெற்கே போருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, எத்தனை பேர் துத்தநாகச் சவப்பெட்டியில் திரும்பினார்கள் என்று ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

அதன் பிறகுதான் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் வரத் தொடங்கினார். காலையில் வந்து காத்திருப்புக் கூடத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்காருவார். கையில் பெட்டி கிடையாது. எந்த வண்டியிலும் ஏற மாட்டார். சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைக் காகிதக் கூம்பில் சேர்ப்பார், ஒன்றைக்கூடத் தரையில் துப்ப மாட்டார். ஃப்ளூரா பேசத் தொடங்கினால் மெல்லுவதை நிறுத்துவார்.

ஃப்ளூரா எவால்டின் கதவைத் தட்டினாள். “எல்லாத்தையும் அடுப்புல போடு. தட்டு, டேப் எல்லாத்தையும்.”

“உன் ஜன்னலையுமா?”

“அதை மொதல்ல போடு.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டான். அன்று அந்த வீட்டுப் புகைபோக்கியில் வந்த கறுப்புப் புகையைத் தெருவே பார்த்தது.

மறுநாள் பகலில் உள்தொலைபேசி ஒலித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரின்பாய். வழக்கமாக மிரட்டிப் பேசுகிறவர், அன்று குரல் உள்ளே போயிருந்தது.

“ஃப்ளூரா, இத அப்படியே அறிவிக்கணும், ஒரு சொல்லு மாறக் கூடாது. ‘கவனிக்கவும். மழை காரணமாக ஆறாவது ஜன்னல் மூடப்படுகிறது. வெள்ளைச் சட்டை அணிந்த பயணி நிலைய அதிபரின் கதவைத் தட்டவும்.’”

வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நிலையத்தில் இருந்த டிக்கெட் ஜன்னல்களே நாலு.

“ஐயா...”

“என்ன எதுவும் கேக்காத தாயி. படி, போதும்.”

அவர் பக்கத்தில் கோட்டுக்காரரின் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“காலையிலேர்ந்து தொண்டை கட்டிக்கிச்சுங்க. சவுலே படிக்கட்டும்.”

சவுலே கீழே டிக்கெட் ஜன்னலில் இருந்தவள். ஃப்ளூரா விடுப்பெடுத்தால் மைக்கில் பேசுவாள். இரண்டு பிள்ளைகள், குடிகாரப் புருஷன், எப்போதும் சிரிப்பு. தோம்ப்ரா என்ற உள்ளூர்த் தந்தி வாத்தியத்தைத் தவிர வேறெதுவும் அவளுக்குப் பாட்டே அல்ல. அவள் குரல் வேறு, பொறியில் எதுவும் விழாது, வந்தவர் எழுந்து போவார். ஃப்ளூராவின் கணக்கு அதுதான். பயந்தவள் போடும் கணக்கு.

சவுலே தேநீர்க் கோப்பையோடு மேலே வந்தாள். “என்னக்கா, ஆறாவது ஜன்னலா? மாஸ்டருக்கு மறை கழண்டுடுச்சா?”

“படிச்சிட்டுப் போடி.”

சவுலே பொத்தானை அழுத்தினாள். “கவனிக்கவும்.”

கடைசி எழுத்து மெல்ல மேலே ஏறியது. வருஷக்கணக்காக ஒலிபெருக்கிக்கு அடியில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தவள், அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே உள்ளே வாங்கி வைத்திருந்தாள். ஒலிபெருக்கியின் கரகரப்பில் இரண்டு குரலுக்கும் வித்தியாசமே இல்லை.

கீழே சாம்பல் நிறக் கோட்டுக்காரர் காகிதக் கூம்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

இரண்டு பேர் படியேறி வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். “மாஸ்டர் அறையில ஒரு டீ குடிச்சிட்டு வரலாம், வாங்க.”

“என்னையா? ஐயோ, ஜன்னல்ல கூட்டம் நிக்குதே!” என்று சிரித்தாள் சவுலே. அவர்கள் சிரிக்கவில்லை. அவள் ஃப்ளூராவைத் திரும்பிப் பார்த்தாள். “அக்கா, எனக்கு நேரமாச்சுன்னா சின்னவன மட்டும் குழந்தைகள் காப்பகத்துலேர்ந்து கூட்டிட்டு வந்துடறியா?”

“ம்” என்றாள் ஃப்ளூரா. அந்த ஒரு எழுத்துக்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

கைப்பை நாற்காலியில் கிடந்தது. கோப்பையில் பால் தேநீர் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. சவுலேவுக்கு எதுவும் தெரியாது. தெரியாதவளை எத்தனை நாள் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அவளிடம் சொல்லித் தப்பிக்க ஒரு பெயர்கூட இல்லை. ஃப்ளூரா வாயைத் திறக்காவிட்டால் போதும், தப்பித்துவிடலாம். சாயங்காலம் அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போய் ரொட்டியும் சூப்பும் கொடுக்கலாம். நாளைக்கும் கொடுக்கலாம். அப்புறம்?

நோவோசிபிர்ஸ்க் வண்டியின் ஊதல் கேட்டது. தொலைபேசி ஒலித்தது, அவள் எடுக்கவில்லை. மைக்கின் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள்.

“கவனிக்கவும். தாஷ்கண்டிலிருந்து நோவோசிபிர்ஸ்க் செல்லும் வண்டி முதல் நடைமேடைக்கு வருகிறது.”

விரல் பொத்தானை விட்டு எழவில்லை.

“கவனிக்கவும். அறுபத்தொன்பதாம் ஆண்டு. மழையில் கதவைத் தட்டுகிறவன். எழுபதாம் ஆண்டு. வெள்ளைச் சட்டை.” மூச்சு வாங்கினாள். “பேசியது ஃப்ளூரா. பதிவு செய்ததும் ஃப்ளூரா மட்டுமே. கீழே உட்கார வைத்திருக்கும் பெண் என்னைப் போலப் பேசுகிறவள், அவ்வளவுதான்.”

கூடத்தில் சத்தம் அடங்கியது. இரும்புப் படியில் காலடிகள் ஓடி வந்தன. கதவை அவள் தாழிட்டிருந்தாள்.

“எழுபத்திரண்டாம் ஆண்டு. ஆறாவது ஜன்னல்.”

வண்டி வந்து நின்றுவிட்டது. சனம் மூட்டை முடிச்சோடு பெட்டிகளை நோக்கி ஓடியது. ஆனால் நடைமேடையில் அங்கங்கே சிலர் மட்டும் அசையாமல் நின்றார்கள். கையில் கெட்டிலோடு ஒரு பெட்டி உதவியாளர், சீருடையில் ஒரு பட்டாளத்துப் பையன், மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் ஆசிரியை. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அந்தக் குரலுக்குப் பிறகு என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தலையை உயர்த்தி ஒலிபெருக்கியையே பார்த்தபடி, அந்தப் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

மேலே கதவை உடைக்கும் சத்தம்தான் அதில் வந்தது.